இல்லாத வாழைக்குலைக்கு லக்கேஜ்

எங்கள் நாலு பேருடைய மூக்கும் ஒரே வாரத்தில் செத்துப்போயிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலை ஆய்வகத்தில் அத்தனை ஒப்பாரி நடந்திருக்காது.

நாங்கள் பல்கலைக்கழகத்தின் செயற்கை உயிரியல் மாணவர் அணி. பெயர்தான் பெரிது, ஆள் நாலே பேர். தலைவி நிஸ்ரின், கோட்டாறுக்காரி. அப்புறம் ஜாஸிம், சுயம்புலிங்கம், ரெஜிஷா ஆகிய நான். ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, அதன் சாற்றைக் காகிதப் பட்டையில் காயவைத்திருந்தோம். உயிருள்ள கிருமி எதுவும் அதில் இல்லை. பட்டையை மீனோடு டப்பாவில் போட்டு மூடினால், மீன் கெடத் தொடங்கியதும், நாற்றம் நம் மூக்குக்கு எட்டும் முன்பே, வாழைப்பழம் மணக்கும்.

என்ன வாழைப்பழம் என்பதில்தான் அணிக்குள் ஓயாத சண்டை. மட்டிப்பழம் என்று ஜாஸிம் சாதிப்பான். சுயம்புலிங்கம் கொட்டாரத்தில் வாழை போட்டிருக்கிற வீட்டுப் பிள்ளை. மட்டியை இப்படிக் கேவலப்படுத்தக் கூடாது, இது வெறும் ரோபஸ்டா என்பான்.

அன்று மதியம் நாகர்கோவிலில் அணிகளுக்கான தேர்வுச் சுற்று. தேறினால் தேசியப் போட்டி. தேறாவிட்டால் திங்கட்கிழமை ஆய்வக அறையின் சாவியை ஒப்படைக்க வேண்டும். செண்டை மேளங்களை வைக்க இடம் கேட்டுக் கலைக்குழு ஏற்கனவே துறைத்தலைவரின் வாசலில் நிற்கிறது. அந்த அறை ஒட்டடை பிடித்த கிடங்காகக் கிடந்தபோது முதலில் துடைப்பத்தைக் கையில் எடுத்தவள் நிஸ்ரின். அறை போனால் அணியும் போச்சு.

பட்டையில் ஈரம் ஏறக் கூடாதென்று ஒரு வாரமாகக் கதவு, சன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு கெட்ட மீனை வைத்துச் சோதித்தபடி அந்த அறைக்குள்ளேயே கிடந்தோம். காலையில் இரண்டு டப்பாக்களை எடுத்துவைத்தோம். ஒன்றில் அன்று வாங்கிய சூரை மீன் துண்டு, மற்றதில் முந்தின நாள் வாங்கி வெளியே வைத்திருந்த துண்டு. மூடிகளில் ‘நல்லது’, ‘கெட்டது’ என்று எழுதி ஒட்டியிருந்தோம். முகர்ந்து பார்த்தால் இரண்டிலும் ஒன்றுமில்லை.

“ஏட்டி, ஒனக்காவது மணக்கா?” என்று நிஸ்ரின் என்னைக் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். ஜாஸிம் இரண்டு டப்பாவிலும் மேலும் ஐந்தைந்து பட்டைகளைத் திணித்தான். அப்போதும் இல்லை. சுயம்புலிங்கம் பழியைத் தூக்கி மீன்காரர் தலையில் போட்டான். மீன் கெடவில்லை, ஃபார்மலின் அடித்திருக்கிறார் என்றான். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவனுக்கு மீனைப் பற்றி எவ்வளவு தெளிவு பாருங்கள்! வருவது வரட்டும் என்று டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார்.

“வாழக்கொலைய எங்க மக்கா வச்சிருக்கியோ? லக்கேஜ் எடுக்கணும்லா.”

எந்தக் குலையும் இல்லை என்றோம். அவர் நம்பவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். முன்சீட்டு அம்மா எழுந்து தன் சீட்டுக்கு அடியிலும் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் செந்துளுவன் என்றார். கண்டக்டர் அவரை மதிக்கவேயில்லை. “நல்லா பழுத்த மட்டியாக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜாஸிம் சுயம்புலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பட்டை வேலை செய்கிறது. ஒரே மணத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாம் வருடப் பாடம். நாலு பேரும் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். எங்கள் முடியும் துணியும் பையும் பஸ்ஸையே பழக்கடையாக்கியிருந்தன. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது, கண்டக்டர் பையிலிருந்த இரண்டு டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, மூஞ்சியைச் சுளித்து, கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த டப்பாவில் அமுக்கிவிட்டுப் போயிருந்தார்.

எந்த மூடி எந்த டப்பாவுக்கு உரியது? தெரியாது. இரண்டு துண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. ஜாஸிமுக்கு ஊர் மீன்பிடிக்குப் பேர்போன குளச்சல்தான், ஆனால் வீட்டில் ஜவுளிக்கடை. முகரலாம் என்றால் மூக்கு இல்லை. எதையாவது ஒன்றைக் கெட்டது என்று சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்றான். நிஸ்ரின் இரண்டு மூடியிலும் இருந்த தாளைக் கிழித்துப் போட்டாள்.

நடுவராக வந்திருந்த பேராசிரியை எங்களைக் கண்டதும், சொல்லப்போனால் முகர்ந்ததும், டப்பாக்களை வாங்கிக்கொண்டு, நாலு பேரையும் வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு சன்னல்களைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஒரு டப்பாதான் மணக்கிறது, நீங்கள் கெட்ட மீனை வைத்தது எதில் என்று கேட்டார்.

நிஸ்ரினின் கை என் கையை இறுக்கியது.

“எங்களுக்கே தெரியாது மேடம்” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு துண்டையும் பக்கத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்த நேரத்தில் செண்டை மேளம் என் காதிலேயே கேட்டது. கடைசியில் முடிவு எழுதிய தாள் வந்தது. மணத்த டப்பாவின் மீன்தான் கெட்டது.

“செய்தவங்களுக்கே எது எதுன்னு தெரியாம வச்சதுதான் நேர்மையான சோதனை. காலையிலேருந்து வந்த எந்த அணியும் இதைச் செய்யலை. உங்களுக்கு இதை யார் அமைச்சுக் கொடுத்தா?”

“பொன்னுலிங்கம்” என்றாள் நிஸ்ரின். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்திருக்கிறாள். “டிரான்ஸ்போர்ட்ல இருக்காரு.”

அது எந்தத் துறை என்று புரியாமலே பேராசிரியை குறித்துக்கொண்டார். தேசியப் போட்டிக்கான பட்டியலில் எங்கள் அணியையும் சேர்த்தார்.

திரும்பும்போதும் அதே பஸ் வாய்த்தது. பொன்னுலிங்கம் வாயைத் திறப்பதற்குள் நிஸ்ரின் நாலு டிக்கெட்டோடு ஒரு லக்கேஜும் கேட்டாள்.

“கொலதான் இல்லன்னியே?” என்றார் அவர்.

“இல்லண்ணே. நீங்க லக்கேஜ் போடுங்க” என்றாள் நிஸ்ரின். காலையிலிருந்து அடைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.