கதவுக்கு அப்பால் மஞ்சள்

மெக்சிகோவின் வஹாக்கா நகரத்துப் ‘பொன் கள்ளி’ விடுதியில், சமையலறைக் கதவைத் தாண்டுகிற எந்தப் பதார்த்தமும் மஞ்சள் சீஸ் வழியும் மொறுமொறுப்பான வறுவலாக மாறிவிடும். கதவு மாட்டிய வருஷத்திலிருந்தே அப்படித்தான். சமையல்காரி நிக்கனோரா இரண்டு நாள் பாடுபட்டு மிளகாயைக் கருக்கி, எள்ளும் கொக்கோவும் சேர்த்து அரைத்து, ‘மோலே’ என்கிற அந்தக் கறுப்புக் குழம்பில் வான்கோழியை வேகவைத்து அனுப்புவாள். கூடத்து மேஜைக்குப் போய்ச் சேர்வது சீஸ். மேலே ஒரு காகிதக் கொடி வேறு. வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள். “அவங்க தேடி வர்றதே அதைத்தான். கதவுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லியே, நிக்கா!” என்பார் முதலாளி தோன் புரோஸ்பெரோ.

வேலைக்காரர்கள் மோலேயை வீட்டுக்குக் கடத்துகிறார்கள் என்று அவர் பின்வாசலைக் கல்வைத்துப் பூசிவிட்டார். அன்று மாலை நிக்கனோரா முதன்முதலாகக் கூடத்துப் பக்கம் திறக்கும் அந்தச் சமையலறைக் கதவு வழியே வீட்டுக்குக் கிளம்பினாள். கூடத்தில் கால் வைத்ததும் தலையில் வண்டிச்சக்கரம் போல ஒரு தொப்பி, மூக்குக்கடியில் முறுக்கு மீசை. தெருவுக்கு வந்தும் இரண்டும் போகவில்லை. “கூத்தாடிக்கெல்லாம் இங்க ஒண்ணும் இல்ல, போய்யா!” என்று கணவன் பௌலீனோ வீட்டுக் கதவைச் சாத்தினான். நாலு வயது மகள் லூதிவினா வீறிட்டு அழுதாள். சமையலறைக்குத் திரும்பிய பிறகுதான் மீசை உதிர்ந்தது. அப்புறம் அவள் வெளியே வரவில்லை. சந்துப் பக்கச் சுவரில் தட்டு நுழையுமளவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக இரண்டு வருஷம் அழுதும் கெஞ்சியும் பார்த்த பௌலீனோ, மகளைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வடக்கே போய்விட்டான்.

இருபது வருஷம் கழித்து, ஒரு மதியம், அந்த ஜன்னலில் லூதிவினாவின் முகம் தெரிந்தது. நிக்கனோரா ஒரு தட்டில் மோலேயை அள்ளி வைத்தாள். தட்டை நீட்டினாள்.

“என்னம்மா இது, தீஞ்சு போச்சா?”

“கருக்கித்தான்டி அரைக்கணும். சாப்பிடு.”

“அங்க நம்ம ஊர்ச் சாப்பாடுன்னு மஞ்ச சீஸைத்தான் குடுப்பாங்க. நானும் அதுதான்னு நெனச்சுட்டேன்.” முதல் வாய்க்கு முகம் சுளித்தாள். இரண்டாவதை மெதுவாக மென்றாள். மூன்றாவதற்குப் பிறகு தட்டை வழித்துவிட்டு முன்வாசல் பக்கம் நடந்தாள்.

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதும் நிக்கனோரா அலறினாள்: “வராதே லூதி! உள்ள வந்தா திரும்பிப் போக முடியாது!”

கதவு திறந்தது. “போறேன்னு யாரும்மா சொன்னா? நகரு, மிளகாயை நான் வறுக்கிறேன்.”

அன்றிரவு நிக்கனோரா மகளைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்திலும், பிள்ளையையும் அடைத்துவிட்டோமே என்ற குற்றவுணர்விலும் மாறிமாறி அழுதாள். மறுவருஷம் பாதிரியார் சந்தில் நின்று ஜன்னலுக்குள் கைநீட்டி, லூதிவினாவுக்கும் கொல்லர் மகன் எவரார்தோவுக்கும் திருமணம் செய்துவைத்தார். மாப்பிள்ளை தன் மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, கூடத்தில் கைதட்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களைத் தாண்டிச் சமையலறைக்குக் குடிபோனான்.