கூத்தையாவின் நான்கு முன்பற்கள்

1

இந்தக் கதை என் பல்வலியில் பிறந்தது. 2008இல் சாயல்குடியில் நடந்த இலவசப் பல் மருத்துவ முகாமுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் கூத்தையா. முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறவர், எழுபதைத் தாண்டியவர், காது மந்தம்.

“கடவாப்பல்லு ஒண்ணுதான் உசிரை வாங்குது. முன்பல்லு நாலும் ஆடுனாலும் இருந்துட்டுப் போகட்டும். அதை வச்சுத்தான கடிச்சுத் திங்கிறேன்” என்றார்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

[மலிகா மதுரையில் பெரிய பணக்கார வீட்டுப் பெண். நோயாளிகளைக் கண்டாலே முகத்தைச் சுளிப்]

மேலே உள்ளதை அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தியைத் திட்டுவது சுலபம். மலிகா கீழக்கரைக்காரி, வாப்பா துபாயில். பல் மருத்துவம் கடைசி வருஷம், முகாமுக்கு வந்திருந்த மாணவர்களில் ஒருத்தி. நல்ல பிள்ளை, அதுதான் எனக்குச் சிக்கல்.

காலையில் முகமூடிக்குள்ளிருந்து, “அய்யா, கடவாப்பல்லோட முன்பல்லு நாலையும் எடுத்துட்டு பல்செட்டு கட்டிரலாம், சரியா?” என்று கேட்டாள். கூத்தையா தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி அனுப்பினாள்.

3

மத்தியானம், வயசானவர்கள் படும் பாடு புரியட்டும் என்று, பேராசிரியர் அப்துல் அஜீஸ் தன் மாணவர்களைக் கிழவர்களாக்கினார். காதில் பஞ்சு, வாசலின் தடவிய கண்ணாடி, முழங்காலில் இறுக்கிய கட்டு, ஷூவுக்குள் கடலைப்பருப்பு. (“பருப்பை வீணாக்காதீங்கப்பா” என்று அவர் சொன்னதை முதலில் வெட்டினேன். மனசு கேட்கவில்லை.)

மலிகா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து நாற்காலியில் சாய்ந்தாள். மேலே ஒரு முகமூடி அசைந்தது. அது அவள் தோழி பூமயில். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை “என்ன?” என்றாள். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டாள்.

பஞ்சை எடுத்ததும் பூமயில் சிரித்தாள். “எல்லாப் பல்லையும் பிடுங்கிரவான்னு கேட்டேன்டி. சரின்னுட்ட.”

மலிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “யா அல்லா, அந்த அய்யா!” என்று எழுந்தாள்.

4

முதல் முடிவு: அவள் ஓடி வருவதற்குள் இன்னொருவர் எல்லாவற்றையும் பிடுங்கி... [வேண்டாம். அழவைக்க இது குறுக்குவழி.]

இரண்டாவது: அவள் கேட்கிறாள், அவர் மனம் திறக்கிறார், பஞ்சு சொல்லிக்கொடுத்த பாடம் ஜெயிக்கிறது. [எனக்கும் இதுதான் ஆசை.]

நடந்தது வேறு. முகமூடியைக் கழற்றி, அவர் முகத்துக்கு நேரே குனிந்து நிதானமாகக் கேட்டாள். “அய்யா, முன்பல்லையும் எடுக்கவா? வேணாம்னா சொல்லுங்க.”

கூத்தையாவுக்கு இந்தத் தடவை நன்றாகவே கேட்டது.

“ஒங்களுக்கு எது தோதோ அப்படியே செய்ங்க தாயி. படிச்ச பிள்ளைட்ட நான் என்னத்தச் சொல்ல?”

காது கேளாமைக்குப் பஞ்சு இருக்கிறது. இந்தப் பணிவை எதைக் கட்டிக்கொண்டு பழகுவது?

5

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மலிகாவுக்குத்தான் தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நாம் சொன்னால், அவருக்காக இன்னும் இரண்டு பேர் தலையாட்டியதாகிவிடும். அது அவர் வாயால் வரவேண்டும். வருகிற மாதிரி அவள் எப்படிக் கேட்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

மலிகா இடுக்கியைத் தட்டில் வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

“அய்யா,” என்றாள், “..............................”