எந்தப் படமாக்கும்?

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை. சிதறாலுக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் கொடைவிழாவில் இரவு ஏழு மணிக்குக் கானமேளா தொடங்கியது.

கானமேளா என்றால் இந்தப் பக்கம் சினிமாப் பாட்டுக் கச்சேரி. தமிழும் மலையாளமும் கலந்து பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குழுவின் உரிமையாளர் முருகதாஸ் படத்தின் பெயரைச் சொல்வார். பெயர் காதில் விழுந்ததுமே கூட்டம் கைதட்டத் தொடங்கிவிடும்.

அந்தக் குழுவில் பாடும் ஜினிஷா அன்று தன் சொந்தப் பாட்டைப் பாட அனுமதி வாங்கியிருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் அவள் அப்பா. காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை, அவர் வீட்டில் இருப்பார். அந்தக் காலை நேரத்தைப் பற்றிய துள்ளலான பாட்டு. கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே முருகதாஸிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜினிஷா பாப் சிங்கர் ஆயாச்சு. முடிக்குக் கலர் அடிக்கண்டாமா?" என்றான் கீபோர்டு வாசிக்கும் அனிஷ்.

"கலர் ஒனக்குத்தான் வேணும். நரைச்சாச்சில்லா."

"ஆளு ரசிக்கல்லேன்னா இதோட நிறுத்தணும், மக்கா. பெறவு கேக்கப்பிடாது" என்றார் முருகதாஸ்.

"செரி அண்ணே."

மைக்கைப் பிடித்த முருகதாஸ், படப்பெயர் வர வேண்டிய இடத்தில் திணறினார். பிறகு, "அடுத்து, விரைவில் வெளிவர இருக்கும் புதுப் படத்திலிருந்து ஒரு பாடல்" என்றார்.

ஜினிஷா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அனிஷ் வாசிக்கத் தொடங்கிவிட்டான். அவள் பாடினாள்.

'மழைக்கு வேலை, அப்பாவுக்கு லீவு' என்ற பல்லவி இரண்டாம் முறை வந்தபோது முன்வரிசைப் பெண்கள் கூடவே பாடினார்கள். முடிந்ததும் விசில். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "எந்தப் படமாக்கும்?"

முருகதாஸ் மைக்குக்காகக் கையை நீட்டினார். ஜினிஷா கொடுக்கவில்லை.

"படம் ஒண்ணும் இல்ல. இது எனக்க பாட்டாக்கும். எழுதினதும் மெட்டுப் போட்டதும் நாந்தான்."

முருகதாஸின் முகம் இறுகியது. குழுவில் தன் இடம் போய்விடலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"ஒனக்க பாட்டா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப இன்னொருக்கா பாடு மக்கா. மழெ பெய்தா எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்."

அனிஷ் முருகதாஸைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினான். இந்த முறை ஜினிஷா வாய் திறப்பதற்குள் கூட்டமே பல்லவியை எடுத்துவிட்டது. பின்னால் நின்ற ஆண்களின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவள் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்துச் சிரித்தாள்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் முருகதாஸ், "என்னெ நாணங்கெடுத்திட்டியே, ஏட்டி" என்றார்.

"நீங்க சொன்னது பொய்யாக்கும், அண்ணே."

"படம் இல்லாமலே ஊரு பாடுது. இனி இவ பாப்தான்" என்றான் அனிஷ்.

"பாப்போ என்னவோ" என்று முருகதாஸ் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

மார்ச் மாதம் திருவட்டாறு நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு இரண்டாவதாகப் பாடப்பட்டது. படப்பெயர் எதுவும் சொல்லாமல் ஜினிஷாவின் பெயரை மட்டும் முருகதாஸ் அறிவித்தார்.