ஆறு வாரத்து முகம்

பெயிண்டர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மேடு பள்ளத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. சுவரில் புடைப்பு இருந்தால் உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம். நடக்கப் பழகுமுன்பே அவள் காதில் விழுந்த பாடம் இது. அதனால் கன்னத்திலும் தாடையிலும் பருக்கள் கிளம்பியபோது அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பழக்கொட்டைத் தூள் கலந்த ஸ்க்ரப் ஒன்றை வாங்கி வந்தாள். காலையில் ஒரு தேய்ப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தேய்ப்பு, படுக்கப் போகுமுன் இன்னொன்று. பத்தாம் நாள் முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிந்தது. பருக்களோ ஒன்றுக்கு மூன்றாகப் பெருகியிருந்தன.

அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பட்டப்பெயர். அண்ணன் வைத்தது. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் உரக்கப் படிப்பாள். அப்பா தரையில் பெயிண்ட் சிந்தாமல் இருக்க விரிக்கும் பழைய செய்தித்தாளைக்கூட விடமாட்டாள், குத்துக்காலிட்டு உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். குரலும் லேசுப்பட்டதல்ல. மூன்றாவது அறையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்.

உள்ளூர்த் தொலைக்காட்சியில் சனிக்கிழமைதோறும் மாணவர் செய்தி என்று பத்து நிமிட நிகழ்ச்சி உண்டு. பள்ளிப் பிள்ளைகள்தான் வாசிப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை காமிரா முன்னால் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி ஆள் எடுப்பார்கள். போன வருடம் ரேடியோவும் போனாள். மேக்கப் அறை வாசல்வரை போனாள் என்று சொல்வதுதான் சரி. உள்ளே கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தன் முகத்தைப் பார்த்தாள், நெற்றியில் அப்போதுதான் முளைத்திருந்த நாலைந்து பருவும் பளிச்சென்று தெரிந்தன. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். வாங்கி வந்த பெயர் அட்டை இன்னும் அவள் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

பதினாறு வயதுவரைதான் எடுப்பார்கள். அவளுக்கு இப்போது பதினாறு. இந்த வருடம் விட்டால் விட்டதுதான். செய்தி வாசிப்புத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது அவள் ஸ்க்ரப்பால் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று தன்னைத் தானே திட்டினாள். அழுகையும் வந்தது. ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் கன்னம் இன்னும் எரியும் என்பதால் அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் வந்து குவிந்தது. பக்கத்து வீட்டு அத்தை பற்பசை வைக்கச் சொன்னாள். பெரியம்மா எலுமிச்சையை அறுத்துத் தேய்க்கச் சொன்னாள். “எல்லாம் வயசுக் கோளாறு, தானா போயிடும்” என்றார் சித்தப்பா. அவருக்கு அந்த வயதில் பரு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

“அம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். தோல் டாக்டர்கிட்ட” என்றாள் ரேடியோ.

“பருவுக்கு எதுக்குடி டாக்டர்?”

“பல்லுக்குப் போறோம்ல? அது மாதிரிதான்.”

மறுநாள் அம்மாவும் கூட வந்தாள். இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தார்கள். டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் இன்னும் சிக்கனம். என்னவெல்லாம் போடுகிறாய் என்று கேட்டார். ஸ்க்ரப் முதல் கடையில் கண்ணில் பட்ட களிம்பு, க்ரீம் வரை ரேடியோ பதினொரு பொருளைச் செய்தி வாசிப்பது போல ஒப்பித்தாள்.

“இவ்வளவு தேய்ச்சும் மூஞ்சி இன்னும் உன்கிட்டதான் இருக்கு. அதுவே பெரிய விஷயம்” என்றார் டாக்டர். “இப்படித் தேய்க்க யார்கிட்ட கத்துக்கிட்ட? அப்பா என்ன வேல பாக்கறார்?”

“பெயிண்டர்.”

“அதான். இது சுவர் இல்லம்மா. தேய்க்கத் தேய்க்க அதுக்குக் கோபம்தான் வரும். பதினொண்ணையும் இன்னிக்கே தூக்கிப் போடு.”

அவற்றுக்குப் பதிலாக அவர் எழுதிக் கொடுத்தது நாலே நாலு. நுரை அதிகம் வராத ஒரு ஃபேஸ்வாஷ், அதையும் விரல் நுனியால் மட்டும், நாளைக்கு இரண்டு தடவை. முகம் நன்றாக உலர்ந்தபின் இரவில் பட்டாணி அளவு மருந்துக் களிம்பு. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைக்கக் கூடாது, முகம் முழுக்க மெல்லியதாகப் பரப்ப வேண்டும், முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்குமேல் எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர். காலையில் வெளியே கிளம்புமுன் சன்ஸ்கிரீன். கிள்ளக் கூடாது, அமுக்கக் கூடாது, தலையணை உறையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

“எப்ப சரியாகும்?”

“எட்டு வாரம், பன்னெண்டு வாரம் ஆகும். நடுவுல கொஞ்சம் அதிகமாகற மாதிரிகூட இருக்கும். பயந்து நிறுத்திடாத.”

“எனக்கு ஆறு வாரம்தான் இருக்கு டாக்டர்.”

“தோலுக்குத் தேதி பாக்கத் தெரியாதும்மா.”

ரேடியோ விடவில்லை. “அப்ப மேக்கப் போடலாமா?”

“தாராளமா. தோல்ல இருக்கற துளையை அடைக்காதுன்னு டப்பாமேல போட்டிருக்கணும். ராத்திரி கழுவாம படுக்கக் கூடாது. அடுத்தவங்க தொட்ட ஸ்பாஞ்சு, பிரஷ் எதுவும் உன் மூஞ்சிகிட்ட வரக் கூடாது.”

அன்று மாலையே பதினொரு டப்பாவும் குப்பைக்குப் போயின. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மியை நகர்த்துவது சுலபம், கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் வாரம் எரிச்சல் அடங்கியது. இரண்டாம் வாரம் தோல் உரிந்தது. மூன்றாம் வாரம் டாக்டர் சொன்னபடியே, சொன்னதற்கு மேலேயே, தாடையோரம் வரிசையாகப் பரு கிளம்பியது. காலையில் யார் முகத்தில் விழித்தோமோ என்று அலுத்துக்கொள்ளவும் வழியில்லை, அவள் விழித்தது தன் முகத்தில்தான். அந்த வாரத்தில் ஒரு இரவு மட்டும் களிம்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போடாமல் விட்டால் என்ன ஆகும், போட்டால்தான் என்ன ஆகிவிடும். கடைசியில் பட்டாணி அளவு பிதுக்கினாள். நெற்றியில் ஒரு புள்ளி, கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று. பரப்பிவிட்டுப் படுத்தாள்.

“எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படற? தேர்வு அன்னிக்கு மேக்கப்ப கனமா ரெண்டு கோட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிடும்” என்றார் அப்பா. அவர் பாசமாகத்தான் சொன்னார்.

“உங்க சுவத்துல கனமா அடிச்சா என்னப்பா ஆகும்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “பாளம் பாளமா வெடிக்கும்.”

“அப்புறம்?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா.”

நான்காம் வாரம், தோல் நிறத்தில் முகத்துக்குப் பூசும் பவுண்டேஷன் வாங்கப் போனாள். கடையில் மஞ்சள் விளக்கு. விற்பனைப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து புறங்கையில் தடவிக் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அண்ணன் தட்டிலிருந்து கையை எடுக்காமலே பார்த்தான்.

“ஏய் ரேடியோ, தல மட்டும் யாரோடது?”

கண்ணாடியில் பார்த்தாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அவளுக்கு அண்ணன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிது. கடை விளக்கில் பெயிண்ட் நிறத்தைப் பார்த்து ஏமாந்த வீட்டுக்காரர்களைப் பற்றி அப்பா எத்தனை கதை சொல்லியிருப்பார். சுவரின் மூலையில் கொஞ்சம் அடித்து, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் யாராவது நிறம் முடிவு செய்வார்களா. தேய்க்கக் கூடாத இடத்தில் அப்பா தொழிலைக் கொண்டுவந்தாள், கொண்டுவர வேண்டிய இடத்தில் மறந்துவிட்டாள்.

மறுநாள் அதே கடைக்குப் போய் மூன்று டப்பாக்களிலிருந்து தாடையோரம் மூன்று கோடு இழுக்கச் சொன்னாள். இழுத்ததும் தெருவுக்கு நடந்தாள்.

“எங்க போற, காசு குடுக்காம?” என்று விற்பனைப் பெண் பின்னாலேயே வந்தாள்.

“காயணும்க்கா. பத்து நிமிஷம்.”

நடைபாதையில் இருவருமாக நின்றார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் மூன்று கோடு போட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் ரேடியோ தரைக்குள் புகுந்திருப்பாள். இப்போது அவளுக்குக் கோடுகள்மேல்தான் கண். பத்து நிமிடத்தில் இரண்டு கோடு தனியாகத் தெரிந்தன, நடுவில் இருந்தது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. “இதான்” என்றாள் விற்பனைப் பெண், தன்னை மறந்து.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பயிற்சி. மாய்ஸ்சரைசர் உள்ளே இறங்கும்வரை பொறுக்க வேண்டும். பவுண்டேஷன் ஈர ஸ்பாஞ்சால் ஒரே மெல்லிய பூச்சு. சிவந்த தழும்புகள்மேல் மட்டும் கன்சீலரை விரல் நுனியால் ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. கடைசியாக மூக்கிலும் நெற்றியிலும் கொஞ்சம் பவுடர். முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது, ஆறாம் வாரத்தில் பன்னிரண்டு நிமிடம். சில சாயங்காலம் செய்தித்தாளைத் தொடக்கூட நேரம் இருக்காது. அது அவளுக்கு உறைக்கவில்லை.

தேர்வு நாளில் முகம் பாதி தேறியிருந்தது. கன்னம் அடங்கிவிட்டது, தாடையில் மூன்று மட்டும் பிடிவாதமாக நின்றன. மேக்கப் அறையில் அதே பன்னிரண்டு பல்பு. வாசலில் அவள் கால் ஒரு கணம் நின்றது உண்மைதான். பிறகு உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

மேக்கப்காரர் ஒரே ஸ்பாஞ்சால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூசிக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தது.

“எனக்கு அது வேண்டாம்ணா. நான் கொண்டுவந்திருக்கேன்.”

“முப்பது வருஷக் கைம்மா இது.”

“கைய ஒண்ணும் சொல்லலண்ணா. அந்த ஸ்பாஞ்சு இதுவரைக்கும் எட்டு மூஞ்சி பாத்திருக்கு, நான் எண்ணிட்டுதான் உக்காந்திருந்தேன். என் தோலுக்கு ஆகாது.”

அவருக்குச் சுருக்கென்றது. “அப்ப நீயே போட்டுக்க. நல்லா வரலன்னா என் பேரச் சொல்லாத” என்று நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றார். பன்னிரண்டு நிமிடத்தில் அவள் முடித்தபோது அவர் அருகே வந்து ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஸ்டுடியோவில் ஒரு மேஜை, எதிரே காமிரா, ஒரு பக்கமாக உயரத்தில் விளக்கு. காமிராவை ஒட்டினாற்போல் ஒரு மானிட்டர், அதில் அவள் முகம். பருவின் நிறத்தை மறைத்துவிடலாம், உயரத்தை மறைக்க முடியாது. பக்கவாட்டு வெளிச்சம் தாடையிலிருந்த மூன்று புடைப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது. அவள் படிக்கத் தொடங்கினாள். ஒரு வரி படித்துவிட்டு மானிட்டரைப் பார்த்தாள். அடுத்த வரியில் தாடையைக் கொஞ்சம் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதே மறந்துபோய் ஒரு வாக்கியத்தின் நடுவில் குரல் உடைந்தது.

“போதும்மா” என்றாள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள். “கண்ணு எங்க போகுது? நாலு வரிக்குள்ள ஏழு தடவ அந்தப் பக்கம் போயிட்டு வந்துடுச்சு. வீட்டுல உக்காந்து பாக்கறவங்களுக்கு, பேசிட்டிருக்கறப்பவே நீ வேற யாரையோ பாக்கற மாதிரி இருக்கும்.” முகத்தைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளைத் திருப்பிக்கொண்டு, “அடுத்த ஆள வரச் சொல்லுங்க” என்றாள்.

ரேடியோ கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக முகத்தைத் தயார் செய்தவள், குரலைத் தயார் செய்யவே இல்லை. குரல் எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு தடவ படிக்கறேன் மேடம்.”

“வெளிய பதினஞ்சு பேர் இருக்காங்கம்மா.”

“ஒரே ஒரு தடவ. அந்த டிவிய மட்டும் திருப்பி வெச்சிடுங்க.”

“அது நாங்க பாக்கறதுக்கு” என்றார் காமிராக்காரர். “படம் எப்படி வருதுன்னு தெரிய வேண்டாமா?”

“அதத்தான் சொல்றேன்ணா, உங்க பக்கம் திருப்பிக்கோங்க. என் மூஞ்சி எப்படி இருக்குன்னு நீங்க பாத்துக்கோங்க. நான் செய்தியப் பாத்துக்கறேன்.”

காமிராக்காரர் பொறுப்பாளரைப் பார்த்தார். அந்த அம்மாள் திருப்பு என்பது போலக் கையை அசைத்தாள். மானிட்டர் திரும்பியது. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்பு முதுகும் நாலைந்து வயர்களும்தான்.

அவள் தாளை நேராக்கினாள். மூச்சை இழுத்து, லென்ஸைப் பார்த்து, வணக்கம் சொன்னாள். ஒவ்வொருவரையும் முதல் செய்தியோடு நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். தாளில் இருந்த நான்கு செய்தியையும் அவள் படித்து முடிக்கும்வரை போதும் என்று யாரும் சொல்லவில்லை.