தோணியில் இருந்த செம்பு

மணி அடித்ததும் என் அக்காள் நீலாம்பாள் பின்புறக் கொட்டிலை விட்டு வெளியே வந்தாள். கையில் ஒரு மாற்றுப் புடவை இருந்தது. அவளுடைய குழந்தை என் இடுப்பில் இருந்தது. அதை அவள் தொடக்கூடாத நாள் அது. முற்றத்தைக் கடப்பதற்குள் மாமியார் பிரம்மநாயகி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கன வாற?"

"மணி அடிச்சிட்டுல்லா அத்தை. மணி அடிச்சா வீட்டுல ஒருத்தரும் இருக்கப்படாது, எல்லாரும் சத்திரத்துக்குப் போயிரணும்னு மாமாதான சொன்னாக."

"எல்லாரும்னா நீயுமா? தூரமாகி உக்காந்திருக்கவளுக்கு எந்திரிச்சு வர என்ன தைரியம்! சத்திரத்து மாடியில சாமி இருக்கு, அரிசி இருக்கு. போ, கொட்டிலுக்குள்ள போ. ஒன் நெழலு முத்தத்துல விழுது பாரு."

அக்காள் தன் நிழலைக் குனிந்து பார்த்தாள். அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறவள் போலப் புடவையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அன்று வெள்ளம் வரவில்லை. அது ஒத்திகை.

எங்கள் ஊர் பரணித்துறை. தாமிரபரணி கடலில் விழும் இடத்துப் பட்டணம். மேற்கே மலையில் மழை கொட்டி ஆறு பெருகி வரும்போது கடலும் கொந்தளித்துக் கிடந்தால், கடல் அந்தத் தண்ணீரை வாங்காது. வாங்காத தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். நான் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒருமுறை திரும்பி, ஊரில் பாதி வீட்டில் இழவு விழுந்தது. அதன்பிறகுதான் எங்கள் பிள்ளைமார் தெருவில் வெள்ளப் பாதுகாப்புச் சபை ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் எங்கள் மாமனார் அம்மையப்ப பிள்ளை. தாலுகா கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகை வரவழைத்து வாசிப்பவர். ஜப்பான்காரன் ருஷியாக்காரனை ஜெயித்தது முன்னேற்பாட்டினால்தான் என்று தெருவில் கூட்டம் போட்டுப் பேசியவர். அவருடைய மூத்த மகன் காந்திமதிநாதனுக்கு என் அக்காளும், வெளியூரில் உத்தியோகம் பார்த்த இளைய மகனுக்கு நானும் வாழ்க்கைப்பட்டிருந்தோம்.

சபை நல்ல காரியங்கள் செய்தது; இல்லையென்று சொல்லமாட்டேன். கல்லால் கட்டிய சத்திரத்தின் மாடியைச் செப்பனிட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் அங்கே அரிசி, பருப்பு, விறகு, நெய் எல்லாம் ஏறிவிடும். சத்திரத்து வாசலில் வெண்கல மணி தொங்கியது. வெள்ளம் தெருவுக்குள் வந்துவிட்டால் ஜனங்களை ஏற்றிவர, முகம்மது மைதீன் என்பவருடைய தோணி எங்கள் தெருவுக்கென்று நின்றது.

தோணியைப் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. துலுக்கன் தோணியில் சாமி விக்கிரகங்களை ஏற்றலாமா, அதில் உட்கார்ந்து வந்தவர்கள் அப்படியே சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் போகலாமா என்று கேட்டார்கள். மாமனார்தான் வழி சொன்னார். குருக்கள் மந்திரித்துக் கொடுத்த மஞ்சள்நீர் ஒரு செம்பு நிறையத் தோணியில் இருக்க வேண்டியது. ஏறுகிற பலகையிலும் ஏறுகிறவர் தலையிலும் மாவிலையால் அதைத் தெளித்துவிட வேண்டியது. தோஷம் போயிற்று. ஆபத்துக் காலத்துக்கு இதற்குச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ஒத்திகை முடிந்து சபையார் எங்கள் வீட்டுக் கூடத்தில் பானகம் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காள் கொட்டில் வாசலில் நின்றபடியே, கூடத்துக்குக் கேட்கும் குரலில் கேட்டாள்:

"மாமா, ஒரு சந்தேகம். நெசமாவே வெள்ளம் வந்து, நான் இங்கன உக்காந்திருந்தா எங்க போவேன்?"

பெண்பிள்ளை கூடத்துக்குக் கேட்கப் பேசியதில் எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார்.

"வெள்ளம் என்ன ஒன்ன மாதிரி மாசாமாசமா வருது? வந்தா நாலு நாளு ஆத்துலயே நிக்கச் சொல்லுதேன். நீ முழுகிட்டு வந்த பொறவு அது வரட்டும்."

கூடம் முழுவதும் சிரித்தது. காந்திமதிநாதன் அத்தானும் சிரித்தார். பிறகு யாரோ ஒருவர், அப்படிப்பட்ட பெண்களுக்காகச் சத்திரத்துக்கு வெளியே ஒரு மேடை கட்டலாமே என்றார். "கட்டுவோம் வே, அடுத்த வருசம் பாப்போம்" என்றார் மாமனார். பானகத்தில் சுக்குக் குறைவு என்று பேச்சு திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் நான் கொட்டிலுக்குச் சோறு கொண்டுபோய்த் தள்ளி வைத்தேன். கொட்டில் என்பது மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த ஒரு பொந்து. கிணற்றடிக்கும் ஆற்றுப் பக்கத்து வேலிக்கும் நடுவில், வீட்டு மனையிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. வீட்டுத் தண்ணீரெல்லாம் அதைச் சுற்றித்தான் வடியும்.

"சிரிச்சாகல்லா?" என்றாள் அக்காள்.

"அத்தானும் சிரிச்சாக."

"அவுக அப்பா சிரிச்சா அவுகளும் சிரிப்பாக. கொட்டாவி விட்டா கொட்டாவியும் விடுவாக" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகையில் வந்தது. இரவெல்லாம் மழை. விடிந்தபோது கிழக்கே கடல் இரைகிற சத்தம் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டது. காலைப் பலகாரம் முடிவதற்குள் தெருவில் கணுக்கால் தண்ணீர். மணி அடித்தது. எல்லாம் ஒத்திகையில் பழகியபடியே நடந்தது. அந்த ஒழுங்கைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒருவரும் கூச்சல் போடவில்லை, முட்டி மோதவில்லை. ஆண்கள் கயிறு பிடித்து நடந்து சத்திரத்தில் ஏறினார்கள். பெண்களும் குழந்தைகளும் தோணியில். ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தோணி கடைசியாக வந்தது. அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு மேல்; எங்கள் வீட்டு ஆண்களும் தோணியிலேயே ஏறினார்கள்.

தோணியின் நடுவில் பூஜையறை விக்கிரகங்களைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தார்கள். பக்கத்தில் மஞ்சள்நீர்ச் செம்பு. மாமனார் பலகையில் தெளித்தார். எங்கள் தலையில் தெளித்தார். நான் அக்காளின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "செம்பு சாயாமப் பிடிச்சுக்கிடு" என்றாள் மாமியார்.

அக்காள் அன்று கொட்டிலில் இருந்தாள். வீட்டுக்குள் வந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை; வந்தாலும் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். அவள் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி, ஒரு கையால் கொட்டிலின் கூரைக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோணி வீட்டைச் சுற்றித் திரும்பியபோது முகம்மது மைதீன்தான் முதலில் பார்த்தார்.

"பிள்ளைவாள், அங்கன ஒரு பிள்ள நிக்கி! தோணியத் திருப்புதேன்."

"வேண்டாம் வே" என்றார் மாமனார். "அவ தூரம். தோணியில சாமி இருக்கு. எங்கள விட்டுட்டு வந்து, அவளத் தனியா கூட்டிட்டுப் போரும்."

"மண்ணு செவரு பிள்ளைவாள். இன்னொரு நடை அது தாங்குமோ என்னமோ."

"தாங்கும். சபையில ஒரு ஒழுங்குன்னு வச்சிருக்கோம். தண்ணியப் பாத்ததும் அத மாத்துனா அப்புறம் சபை எதுக்கு?"

மைதீன் காந்திமதிநாதன் அத்தானைப் பார்த்தார். அத்தான் விக்கிரகத்தின் பட்டுத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் "அக்கா" என்று கத்தினேன். மாமியாரின் கை என் வாயின் மேல் வந்து அழுத்தியது. அந்தக் கையில் விபூதியும் நெய்யும் மணத்தது. அக்காள் எங்களைக் கூப்பிடவில்லை. குழந்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தோணி திரும்பியது.

மைதீன் எங்களை இறக்கிவிட்டு, தோணியைக்கூடக் கட்டாமல் திரும்பிப் போனார். மாடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சூடான சோறு, பருப்பு, நெய். நான் ஜன்னலில் நின்றேன். வெகுநேரம் கழித்துத் தோணி வந்தது. கொட்டில் இருந்த இடத்தில் கொட்டில் இல்லை. அக்காளை வேலி முள்ளிலிருந்து எடுத்து வந்திருந்தார். தோணியின் பாயை அவிழ்த்து மூடியிருந்தார்.

"மேல கொண்டு வரட்டா?" என்று கீழிருந்து கேட்டார்.

"பொணத்தயா?" என்று மாமியார் பதறினாள். "சாப்பிட்டுக்கிட்டு இருக்காக எல்லாரும்!"

தண்ணீர் வடியும் வரையில் அக்காள் தோணியிலேயே கிடந்தாள். தோணியைச் சத்திரத்துத் தூணில் கட்டிவிட்டு மைதீன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து ஒருவர் இலையில் சோறு இறக்கினார். மைதீன் அதைத் தொடவில்லை. "நான் திருப்பியிருக்கணும். அந்தாளு வாய்க்கு என்ன, நான் திருப்பியிருக்கணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னலுக்குக் கேட்டது. அந்த வெள்ளத்தில் எங்கள் தெருவார் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் துரை ஒருவர் வந்து சபையைப் பாராட்டினார். மாமனாருக்கு மாலை போட்டார்கள். தெருவில் ஓர் உயிர்கூடச் சேதமில்லாமல் காப்பாற்றியதாக மாமனார் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் இடுப்பில் குழந்தை இருந்தது. கூட்டம் கலைந்தபின் அவரிடம், "மாமா, எங்க அக்கா?" என்று கேட்டேன்.

"அது வெள்ளத்துல சேந்தது இல்ல தாயி" என்றார், மாலையைக் கழற்றிக்கொண்டே. "அவ நேரம்."

சித்திரையில் அத்தானுக்கு வேறு பெண் பார்த்தார்கள்.

மறு ஐப்பசிக்கு ஒத்திகை வைத்தார்கள். மேடை கட்டவில்லை. கொட்டிலை மட்டும் அதே இடத்தில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. ஒத்திகைக்கு முன்பாக நான் படித்துறையில் தெருப்பெண்களிடம் பேசினேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளம் வரும்போது எந்த வீட்டுக் கொட்டிலில் யார் உட்கார்ந்திருப்போம் என்று மட்டும் கேட்டேன். ஈரத்துணியைப் பிழிந்தபடி ஒவ்வொருத்தியும் தன் நாளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது.

மணி அடித்தது. ஒழுங்காகப் போனோம். சத்திரத்து மாடியில் அரிசி மூட்டைகளை ஒட்டி, விக்கிரகங்களுக்கு எதிரே, வரிசையாக உட்கார்ந்தோம். மாமனார் ஏறி வந்து திருப்தியாகப் பார்த்தார். நான் எழுந்திருக்காமலே சொன்னேன்:

"மாமா, நான் இன்னைக்குத் தூரம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக் கோமதி, "நானுந்தான்" என்றாள். அவளுக்கு அடுத்தவளும் சொன்னாள். அப்படியே சுவர் வரைக்கும் போயிற்று. கடைசியில் இருந்தவள் உலகம்மை ஆச்சி. பேரன் பேத்தி எடுத்துப் பல் கொட்டியவள். பொக்கைவாயைத் திறந்து, "எனக்கும் இன்னைக்குக் காலம்பறதான் ஆச்சு" என்றாள்.

"ஏட்டி, ஒனக்குமா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "பொய்யி! இவளுவ எல்லாம் பொய்யி சொல்லுதாளுவ! வெளிய இழுத்துப் போடுங்க!"

ஆண்கள் படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களை வெளியே இழுக்க வேண்டுமானால் தொட வேண்டும். பொய்யாக இருந்தால் பரவாயில்லை. ஒருத்தி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? முதல் படியில் நின்றவர் இரண்டாம் படிக்கு இறங்கினார். காந்திமதிநாதன் அத்தான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்களை அடைத்து வைத்த தீட்டு அன்றைக்கு எங்களுக்கு வேலியாக நின்றது.

உச்சி வந்தது. அடுப்பு எங்கள் பக்கத்தில் இருந்தது. நாங்கள் அரிசி களைந்து உலை வைத்தோம். சோறு வெந்த மணம் படி வழியாக இறங்கிப் போயிற்று. கீழே முணுமுணுப்பு எழுந்தது. ஒத்திகையென்று எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை; காலையிலிருந்து வெறும் வயிறு. யாரோ ஒருவர், "ஒத்திகைதான பிள்ளைவாள், பாத்து ஒரு வழி சொல்லும்" என்றார்.

மாமனார் வழி சொன்னார். தோணியிலிருந்து செம்பைக் கொண்டுவரச் சொன்னார். மாவிலையை நனைத்து, எங்களைத் தொடாமல், தூர நின்றபடி எங்கள் தலைகளின் மேலும் மூட்டைகளின் மேலும் சோற்றுப் பானையின் மேலும் மூன்று தரம் தெளித்தார்.

"ஆச்சு. தோஷம் போச்சு. ஆபத்துக் காலத்துக்குச் சாஸ்திரத்துல எடம் இருக்கு. எல போடச் சொல்லு."

சாப்பிட்டார்கள். நாங்கள் பரிமாறினோம். காந்திமதிநாதன் அத்தான் ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டார். எங்களில் யார் நிஜமாகவே தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமியார் மட்டும் சாப்பிடவில்லை. அவள் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே செம்பு, வாயில் நசுங்கின அடையாளம் இருந்தது. கார்த்திகையில் அது தோணியில் என் மடிக்குப் பக்கத்தில், தளும்பத் தளும்ப நிறைந்து இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் சத்திரம் கொண்டுவந்து சேர்த்தோம்.