மடங்காத விரலுக்கு ஏற்ற பட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. திருடினேன் என்று சொல்வதே சரி. அண்ணி தன் நீச்சல் துடுப்புகளுக்குப் புதுப் பட்டை வாங்கப் போனாள். வேலை வெட்டி இல்லாததால் நானும் கூடப் போனேன்.

அண்ணியும் அண்ணனும் முக்குளிப்பவர்கள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்கி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது அவர்கள் வேலை. காலில் நீளமான துடுப்பு மாட்டிக்கொள்வார்கள். அது கழன்றுவிடாமல் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டையைப் பற்றியதுதான் இந்தக் கதை. பெரிதாக எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று கண்ணாடிபோல—’

வேண்டாம். துறைமுகத் தண்ணீர் என்றைக்குமே டீசல் கலந்த கஷாயம்தான்.

இரண்டாம் தொடக்கம்: ‘அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.’

இது நிஜம். இங்கிருந்தே போகலாம்.

போன வருஷம் படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் அண்ணியின் வலது கை மாட்டி நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்க மறுத்துவிட்டன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் மேலாளரிடம் போய், “அவளை ஆபீஸ்ல உட்கார வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டான். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த அன்றே அண்ணி அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவனும் ரோஷக்காரன். ஒரே வீடு, ஒரே படகு, நடுவில் நான். “சாப்பாடு ரெடின்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு” என்று எனக்கு ஃபோன் வரும். (அவன் பக்கத்து அறையில்தான் இருப்பான்.)

ஆனால் பழைய ரப்பர் பட்டையை இழுத்துப் பக்கிளில் இறுக்க அந்த விரல்களால் முடியாது. அதனால் தினமும் படகில் அண்ணி காலை நீட்டுவாள், அண்ணன் மண்டியிட்டு இறுக்கிவிடுவான்.

[இந்த இடத்தில் ‘அந்தத் தொடுகையில் ஆயிரம்—’ என்று எழுதி அடித்துவிட்டேன். நான் எழுதாவிட்டாலும் நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.]

3

பிறகு கம்பெனியில் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். தன் சாமான்களைத் தானே மாட்ட முடியாதவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. திங்கட்கிழமை சோதனை. தோற்றால் அண்ணிக்கு ஆபீஸ் நாற்காலி.

அதனால்தான் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா முதலில் எலாஸ்டிக் கயிறு போட்ட பட்டையை எடுத்துக் காட்டினாள்.

“மெத்துன்னு இருக்கும், பாருங்க.”

அண்ணி மாட்டிக் காலை உதறினாள். “மெத்துன்னு இருந்து என்ன, உள்ள போனா ஆடும்போல இருக்கே. வேற காட்டுங்க.”

“அப்ப ஸ்பிரிங் பாருங்க. பக்கிளே கிடையாது. பின்னால இருக்கற வளையத்துல கட்டைவிரலை விட்டு இழுத்து விட்டா போதும்.”

“கனமா இருக்கே.”

“கொஞ்சம் கனம்தான். ஆனா ஒரு தடவை அளவு வெச்சுட்டா அப்புறம் இறுக்கற வேலையே இல்ல. குதிகால்ல ரப்பர் மெத்தை இருக்கு, உறுத்தாது.”

அண்ணி கட்டைவிரலை விட்டு இழுத்தாள். சடக். மாட்டிக்கொண்டது. கழற்றினாள். மறுபடியும் மாட்டினாள். புது வீட்டில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தைமாதிரி அதையே செய்துகொண்டிருந்தாள்.

அண்ணன் மண்டியிடுவது நின்றுபோனால் என் கதை என்னாவது?

“பழசே நல்லாத்தானே இருக்கு அண்ணி?” என்றேன்.

“பழசை யாரு மாட்டிவிடறது, நீயா?”

“அண்ணன்தான் மாட்டிவிடறானே.”

“அதான் பிரச்சனையே.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “தினமும் அவன் குனியறப்போ பாவமா இருக்கு. பாவம் பார்த்தா கோபம் போயிடுது. எனக்கு இன்னும் கோபப்பட்டு முடியல.”

[இப்படி ஒரு நாயகியை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது? ஆனால் அவள் சொன்னது இதைத்தான்.]

ஸ்பிரிங் பட்டையைத்தான் வாங்கினாள்.

4

முடிவு ஒன்று: சோதனையன்று ஸ்பிரிங் அறுந்து—

அறுந்தால் அண்ணியைவிட எனக்குத்தான் வசதி. அது அறுந்துபோகவில்லை.

முடிவு இரண்டு: அண்ணன் கண்கலங்கி, ‘என்னை மன்னிச்சிடு’ என்று—

எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

நடந்தது இதுதான். அண்ணி சொல்லிக் கேட்டது. அதிகாரி எதிரில் நிற்க, அவள் படகின் பலகையில் உட்கார்ந்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் வந்து மண்டியிட்டுவிட்டான். அவள் கட்டைவிரலை விட்டு இழுத்தாள். சடக். இன்னொரு காலிலும் சடக். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தான். பிறகு அந்த ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான்.

“துருப் பிடிக்காதா?”

மாதக்கணக்கில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

“பிடிக்காதாம்.”

“எனக்கு ஒரு ஜோடி வாங்கலையா?”

“உனக்குத்தான் பத்து விரலும் மடங்குதே” என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரில் குதித்துவிட்டாள்.

5

“சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களா, முறைச்சுக்கிட்டே சொன்னீங்களா?” என்று அண்ணியைக் கேட்டேன். கதைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

“ஏன், இதைப் படிக்கறவங்க வீட்ல புருஷன் பொண்டாட்டி இல்லையா? அவங்களுக்குத் தெரியும், போ” என்றாள்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பத்து விரல் வாக்கியத்தை எந்தக் குரலில் வாசிப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.