முள் எங்கே போய் நிற்கும்

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் காவேரி சொன்னாள், "ஏனுங்க, இனிமேட்டு நான் வரலைங்க."

சாவியைத் திருகப் போன மாதேஸ்வரன் கையை எடுத்துவிட்டான். "எங்க வரல?"

"இங்கதானுங்க. இந்த டயாலிசிசுக்கு. போதுமுங்க."

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி குத்தி எடுத்த இடது கை மடியில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகக் கிடந்தது. சண்டைக் குரல் இல்லை, அழுத குரலும் இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் மாதேஸ்வரனைப் பயமுறுத்தியது. கோபத்தில் சொல்லியிருந்தால் மலை ஏறுவதற்குள் தணிந்துவிடும். இது யோசித்து முடித்த பேச்சு.

"வரலைன்னா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"சொன்னாருங்க."

"அப்புறமும் இப்படிச் சொன்னா?"

"அதான் சொல்லிப்புட்டனே."

வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். போன ஆடியிலிருந்து இதே பிழைப்புதான். தலைச்சோலையில் இருட்டோடு கிளம்பி, மலையிறங்கிச் சேலம் வந்து, அவளை மெஷினில் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் இவன் காத்துக் கிடப்பான். மத்தியானத்துக்கு மேல் பிழிந்த துணியாக அவள் வெளியே வருவாள். மறுபடியும் மலை ஏற வேண்டும். சிறுநீரகம் கெட்டது அவளுக்குத்தான், ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நோயாளி யாரென்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மாதேஸ்வரனும் அந்த அளவுக்கு இளைத்துப் போயிருந்தான்.

ஏன் வரமாட்டேன் என்கிறாள்? நர்ஸ் ஏதாவது சொன்னாளா? வலி தாங்கவில்லையா? அஸ்தம்பட்டி தாண்டும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் "அதெல்லாமில்லைங்க" என்ற ஒரே பதில்தான். சிக்னலில் வண்டியை அணைத்தான். பச்சை விழுந்ததும் கிளப்பினான். சிக்னலில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிற வழக்கமே அவனிடம் கிடையாது. நின்ற வண்டி சூடேறுமே!

அந்தச் சூட்டைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் மாதேஸ்வரனைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. அவனுடையது பழைய மாருதி எண்ணூறு. இவளைக் கூட்டிப் போய்வர பஸ் தோதுப்படாது என்று வாங்கியது. அதன் முன் பலகையில் சின்னதாக ஒரு மீட்டர் உண்டு. கீழே சி, மேலே எச், எச்சை ஒட்டிச் சிவப்புக் கோடு, நடுவில் ஒரு முள். ரோட்டைப் பார்த்து ஓட்டுவது ஊர் உலகத்து டிரைவர்களின் வழக்கம். நம்ம ஆள் முள்ளைப் பார்த்து ஓட்டுவான், இடைவெளி கிடைத்தால் ரோட்டையும் பார்த்துக்கொள்வான்.

அதற்கும் காரணம் உண்டு. வயசுப் பையனாக இருந்தபோது ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினான். குப்பனூர் ரோட்டில் மூட்டை ஏற்றி வந்த ஒருநாள் ரேடியேட்டர் குழாய் பிய்ந்து தண்ணீரெல்லாம் வழியில் கொட்டிவிட்டது. முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. எஞ்சின் ஜாம் ஆகி நடு மலையில் நின்றது. மறுநாள் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர், காப்பிப் பழம் பறிக்க வந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் வைத்து, "முள்ளப் பாக்கத் தெரியாதவனெல்லாம் டிரைவராம்" என்று சொல்லி அவனை வேலையை விட்டு அனுப்பினார். பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் கூடையோடு நின்ற ஒருத்தி காவேரி. பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டான் என்பது வேறு கதை. ஆனால் அன்றைக்குக் கண்ணில் ஏறிய முள் இன்றைக்கும் இறங்கவில்லை.

அடிவாரம் வரை முள் நடுவில் நின்றது. ஏற்றம் தொடங்கி, மூன்றாம் கியர் இரண்டாம் கியராகி, வளைவுகளில் வண்டி முனக ஆரம்பித்ததும் முள் நடுக்கோட்டை விட்டுக் கிளம்பியது.

ஊற்று வளைவு வந்ததும் ஓரங்கட்டி அணைத்தான். பாறையிடுக்கில் செருகிய மூங்கிலில் வருசம் பூராவும் தண்ணீர் விழுகிற இடம் அது. அந்தக் காலத்துப் பஸ்களெல்லாம் அங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே ஏறும். கிளீனர் டின்னோடு குதிப்பான். ஜீப் ஓட்டுவதற்கு முன்னால் மாதேஸ்வரனும் அப்படிக் குதித்த கிளீனர்தான். இப்போது எந்த பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. நிற்பது குரங்குகளும் மாதேஸ்வரனும் மட்டும்.

சற்றுப் பொறுத்துச் சாவியைப் பாதி திருகி முள்ளைப் பார்த்தான். அடக் கடவுளே! நிறுத்தும்போது இருந்ததைவிட இன்னும் மேலே போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் இந்தக் கூத்துதான். மலைமேல் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் மெக்கானிக் தேவசிகாமணி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, எஞ்சினை அணைச்சா உள்ள தண்ணி சுத்தாது. இருக்கிற சூடு எங்க போகும்? சித்த நேரம் முள்ளு ஏறத்தான் செய்யும். நீங்க ஊத்தி ஊத்திப் பச்சைத் தண்ணியெல்லாம் வெளுத்துப் போச்சு." கூலன்ட் என்று அவன் ஊற்றிவிட்ட பச்சை மருந்தைத்தான் அப்படிச் சொன்னான். மாதேஸ்வரன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கேட்டதோடு சரி.

பானட்டைத் தூக்கினான். ஐந்து லிட்டர் கேனை ஊற்றில் பிடித்தான். ரேடியேட்டர் மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மறுபடி பிடித்தான், மறுபடி ஊற்றினான். ஆறிய பிறகு ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்து உள்ளேயும் விட்டான். உள்ளே போனது ஒரு டம்ளர் இருக்கும். மிச்சமெல்லாம் சலசலவென்று ரோட்டில் ஓடியது. காருக்குள் காவேரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் காதை மூடி உட்கார்ந்திருந்தாள். குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

மேலே தேவைப்படும் என்று கேனை நிரப்பிப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். நாலைந்து வளைவு ஏறியிருப்பார்கள். முள் மறுபடி நடுவைத் தாண்டியது. வண்டியை ஓரங்கட்டினான். கேனை எடுக்க இறங்கப் போனவனின் சட்டையைக் காவேரி பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் விடவில்லை.

"ஏனுங்க, ஒரே ஒருக்கா நான் சொல்றதக் கேளுங்க. நிறுத்தாதீங்க."

"முள்ளப் பாரு புள்ள, எங்க போயிருச்சுன்னு."

"பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். இத்தன மாசமா எனக்கும் பாக்கறதுக்கு வேற என்ன இருக்குது? அது எங்க போயி நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

மாதேஸ்வரன் முள்ளைப் பார்த்தான். உண்மையில் அவனுக்குத் தெரியாது. நிற்கிற இடம் வரைக்கும் அதை அவன் என்றைக்கு விட்டான்?

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள் காவேரி. "போன மாசம் உங்களுக்குக் காச்சல் வந்து கெடந்தப்ப, பக்கத்தூட்டுக் குழந்தைவேலு இதே வண்டியில கூட்டிட்டுப் போனானே. அன்னிக்கு அவன் எங்கயும் நிறுத்தல."

"அவன் முள்ளப் பாத்தானா?"

"அவன் எங்க பாத்தான்! செல்போன்ல பாட்ட மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு வந்தான். நான்தான் உசிரக் கையில புடிச்சுக்கிட்டுப் பாத்தேன். ஏறுச்சு. பாதிக்கு மேல போச்சு. சிவப்புக்கு அரை விரக்கடை இருக்கறப்ப முன்னாடி என்னமோ புர்ருனு சத்தம். முள்ளு நின்னுருச்சு. பொறவு எறங்குச்சு. மறுக்கா ஏறுச்சு, மறுக்கா எறங்குச்சு. அம்புட்டுத்தான். ஊடு வந்துருச்சு."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உங்க மூஞ்சி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மூஞ்சி இப்போதே போய்க்கொண்டுதான் இருந்தது. நேற்று லைசென்ஸ் வாங்கிய பொடியன் ஓட்டிக் காட்டிவிட்டான், அதை இவள் ஒரு மாதமாக மனசுக்குள் வைத்திருக்கிறாள். மாதேஸ்வரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப இனி அவனோடயே போ" என்பதுவரை நாக்கில் வந்துவிட்டது. நல்லவேளை, அதற்குள் அவளே பேசினாள்.

"மேட்டுல ஏறுனா சூடாவாதா? காப்பிக் கூடையோட ஏறுனா நமக்கு ஒடம்பு காயலைங்களா? அங்க மெஷின்ல கெடக்கறப்ப எனக்குப் பிரஷரு எறங்குது, ஏறுது. ஒவ்வொரு வாட்டியும் அந்த நர்ஸ்புள்ள மெஷின நிறுத்திப்புட்டு ஓடுதுங்களா? பாத்துக்கிட்டு நிக்குது. ரொம்பப் போனாத்தான் கை வைக்குது."

"சரி புள்ள. நிறுத்துறதுல உனக்கு என்ன கஷ்டம்? அரை மணி நேரம் முன்ன பின்ன ஆவும், அவ்வளவுதான."

காவேரி வாயில் அடக்கியிருந்த கிராம்பை நாக்கால் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினாள். தாகத்துக்கு அவள் வைத்திருந்த மருந்து அது ஒன்றுதான்.

"எனக்கு நாளுக்கு முக்காச் சொம்பு தண்ணிதானுங்க டாக்டரு சொன்னது. கஞ்சி, டீ, மாத்திர முழுங்கறது எல்லாம் அதுக்குள்ள. நாக்கு மரக்கட்டையாட்டம் கெடக்குது. கனாவுலகூடத் தண்ணிதான் வருது." பின்னால் இருந்த கேனைத் தலையால் காட்டினாள். "நீங்க எம்முன்னாடி கேன் கேனா ரோட்டுல ஊத்தறீங்க. அந்த ஊத்துச் சத்தம், நீங்க ஊத்தற சத்தம்... ஊசிய நான் பொறுத்துக்குவேனுங்க. இதப் பொறுக்க முடியலைங்க. அதுக்குத்தான் வரலைன்னேன்."

மாதேஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். முந்தானையால் காதை மூடியது குளிருக்கு இல்லை. போன ஆடியிலிருந்து, வாரம் இரண்டு நாள், ஒரு பயணத்துக்கு இரண்டு மூன்று தடவை. பத்திரமாக வீடு சேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு என்ன செய்து வைத்திருக்கிறான்! வெட்கமாக இருந்தது. ரைட்டர் முன்னால் நின்ற அன்றைக்குக்கூட இவ்வளவு வெட்கமாக இல்லை.

"சிவப்பத் தொட்டா நிறுத்துங்க," என்றாள் காவேரி, இறங்கிய குரலில். "அதுக்கு முன்னால வேண்டாம்."

வண்டியைக் கிளப்பினான். இரண்டாம் கியர். முள் ஏறியது. கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அதை இழுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தான். மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டான். முள் இன்னும் ஏறியது. அவன் பார்த்தே இராத இடத்துக்குப் போனது. குழாய் எங்காவது பிய்ந்திருந்தால்? எஞ்சின் இங்கேயே ஜாம் ஆனால்? இவளை எப்படி மேலே கொண்டுபோவது? பக்கத்தில் காவேரியும் இமைக்காமல் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்புக்கு அரை விரக்கடை.

முன்னால் புர்ரென்று ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

முள் நின்றது. அடுத்த வளைவு தாண்டியும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த வளைவில் மெல்ல, யாரோ கீழே இருந்து பிடித்து இழுப்பது போல, இறங்கியது. ஃபேன் ஓய்ந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி ஏறியது, மறுபடி புர்ரென்றது, மறுபடி இறங்கியது. மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சொன்னனுங்களா," என்றாள் காவேரி. அதற்கு மேல் பேச அவளிடம் தெம்பில்லை.

ஒண்டிக்கடையைத் தாண்டும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. தலைச்சோலை ரோட்டில் இறக்கம் வந்ததும் முள் நடுவுக்கும் கீழே போய்ச் சாதுவாகப் படுத்துக்கொண்டது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும், காவேரி கதவைப் பிடித்து இறங்கி மெல்ல நடந்து, கொடியில் கிடந்த துணியைப் பனியில் நனைவதற்குள் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மற்ற நாட்களில் இந்த வேலையெல்லாம் இவனுடையது. அவள் இருட்டி வந்து அப்படியே சுருண்டு படுத்துவிடுவாள்.

அடுத்த தடவைக்கு அவள் வருவாளா மாட்டாளா என்று மாதேஸ்வரனுக்குப் பயமாகவே இருந்தது. கேட்கவும் தைரியம் வரவில்லை. பின் கதவைத் திறந்தான். ஊற்றில் பிடித்த தண்ணீர் கேனில் தளும்பியது. அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை நடை நடந்து வீட்டுக்குப் பின்னால் போனான். காப்பிச் செடி ஒன்றின் அடியில் குந்தி, கேனின் வாயை உள்ளங்கையால் பொத்தி, விரலிடுக்கு வழியாகச் சத்தமே வராமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். கை விறைத்துப் போயிற்று. கேன் பாதிகூடக் காலியாகவில்லை.

"கேக்குதுங்க," என்று உள்ளேயிருந்து காவேரியின் குரல் வந்தது.

மாதேஸ்வரன் கேனை நிமிர்த்தினான்.

"வெள்ளிக்கிழம கெளம்பறப்ப அந்தக் கேன ஊட்டுலயே வச்சுட்டு வாங்க."